ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சீட் கிடைத்துவிட்டது... மூணு வருஷம் கழித்து? ரேவதி வீரமணியின் ஓட்டம் சொல்லும் கணக்கு

பிளஸ் டூ ரிசல்ட் வந்த சில நாட்களில் கல்லூரி மைதானங்களில் ஒரு தனிக் கூட்டத்தைப் பார்க்கலாம். கையில் பிளாஸ்டிக் ஃபைல். உள்ளே மண்டலப் போட்டி, மாவட்டப் போட்டி, மாநிலப் போட்டி என்று சான்றிதழ்கள். பக்கத்தில் அப்பாவோ அம்மாவோ. ஸ்போர்ட்ஸ் கோட்டா டிரையல்ஸ். காஞ்சிபுரம் பக்கம் தென்னேரியில், ஏரிக்கரை மண்ணில் ஓடிப் பழகிய பெண்ணும் அந்தக் கூட்டத்தில் நிற்கலாம். வீட்டில் கேட்கும் கேள்வி எல்லா ஊரிலும் ஒன்றுதான்: "ஃபீஸ் இல்ல, ஹாஸ்டல் ஃப்ரீ, சரி. படிப்பு முடிஞ்சதும் என்ன பண்ணும் பொண்ணு?"

இதற்குப் பதில் தேடுபவர்கள் 2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் ஓடிய மதுரை ரேவதி வீரமணியின் கதையைப் பார்க்கலாம். ஏற்கெனவே படித்திருப்பீர்கள். வெறுங்காலுடன் ஓடிய பெண் ஒலிம்பிக் போனார் என்று அந்த வருடம் எல்லா மீடியாவும் எழுதியது. கதை உண்மைதான். ஆனால் அதில் பலரும் ஸ்க்ரோல் செய்து தாண்டிய ஒரு பகுதி இருக்கிறது. அங்கேதான் மேட்டரே இருக்கிறது.

வெறுங்காலுக்குப் பிறகு என்ன நடந்தது?

ரேவதி 1998-ல் பிறந்தவர். மதுரை அருகே சக்கிமங்கலம். சின்ன வயதிலேயே அப்பா, அம்மா இருவரையும் இழந்தார். அவரையும் தங்கையையும் வளர்த்தது கூலி வேலைக்குப் போன பாட்டி. பள்ளி அளவிலான போட்டி ஒன்றில் ஷூ இல்லாமல் ஓடியவரை, தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் பயிற்சியாளர் கண்ணன் கவனித்தார். இலவசமாகப் பயிற்சி தருகிறேன் என்றார்.

பாட்டி முதலில் சம்மதிக்கவில்லை. விளையாட்டு பிடிக்காமல் இல்லை. ஊரிலிருந்து மைதானத்துக்கு தினமும் போய்வர பஸ் காசு வேண்டுமே! கூலி வேலை செய்யும் வீட்டில் அது பெரிய தொகை. கண்ணன் விடாமல் பேசினார். மதுரை லேடி டோக் கல்லூரியில் இடமும் ஹாஸ்டலில் தங்க வழியும் கிடைக்க ஏற்பாடு செய்தார். ஷூவும் வந்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். ரேவதியின் வேகம் கூடியதற்கு ஷூ ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் ஹாஸ்டல். ஒரு ஸ்பிரிண்டருக்குத் தினமும் தேவைப்படுவது மூன்று விஷயம்: பயிற்சி, சாப்பாடு, தூக்கம். பஸ்ஸில் ஒரு மணி நேரம் நின்று வந்து, ஓடி, மறுபடி பஸ் ஏறிப் போய், வீட்டு வேலையும் பார்க்கும் பெண்ணுக்கு இதில் மூன்றாவது கிடைக்காது. இரண்டாவதும் சந்தேகம்தான். கடினமான பயிற்சியில் களைத்த தசை ஓய்வில்தான் தேறி வலுவாகிறது. தூக்கமும் புரதமும் இல்லாமல் எவ்வளவு பயிற்சி கொடுத்தாலும் காயம்தான் மிச்சம்.

கல்லூரி கொடுத்தது அந்த ஓய்வை. ஒரு டிகிரியும் சேர்ந்து கிடைத்தது. கோவையில் 2016-ல் நடந்த தேசிய ஜூனியர் போட்டியில் 100 மீட்டர், 200 மீட்டர் இரண்டிலும் ரேவதிக்குத் தங்கம். 4×100 தொடர் ஓட்டத்திலும் தங்கம்.

100 மீட்டர் ஓடியவரை ஏன் 400-க்கு மாற்றினார்கள்?

2019-ல் பாட்டியாலாவில் உள்ள தேசியப் பயிற்சி முகாமுக்கு ரேவதி தேர்வானார். அங்கே 400 மீட்டர் பிரிவின் பயிற்சியாளராக இருந்தவர் கலினா புகாரினா. 100, 200 ஓடிவந்தவரை அவர் 400 மீட்டருக்கு மாற்றினார்.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது விநோதமாகத் தெரியும். ஜெயித்துக்கொண்டிருக்கிற ஓட்டத்தை ஏன் விடவேண்டும்? காரணம் எளிய எண் கணக்கு.

டோக்கியோ ஒலிம்பிக்கில் பெண்கள் 100 மீட்டருக்கு நேரடித் தகுதி நேரம் 11.15 விநாடி. டூட்டி சந்த் அந்த ஆண்டு ஓடிய தேசிய சாதனை 11.17. சாதனையே தகுதிக்கு இரண்டு நூறில் பங்கு குறைவு! (உலகத் தரவரிசை மூலமாகத்தான் டூட்டி டோக்கியோ போனார்.) 200 மீட்டரிலும் இதே கதை. தகுதி நேரம் 22.80. சரஸ்வதி சாஹா 2002-ல் படைத்த தேசிய சாதனை 22.82. அதாவது, இந்தியாவின் வரலாற்றிலேயே வேகமான பெண் ஓடியதைவிட வேகமாக ஓடினால்தான் நேரடியாக உள்ளே போகலாம்.

தொடர் ஓட்டத்தில் கதை வேறு. அங்கே தனிநபர் தகுதி நேரம் கிடையாது. உலக அளவில் 16 அணிகளுக்கு இடம். நாடு தகுதி பெற்றுவிட்டால், அந்த நாட்டின் டிரையல்ஸில் முன்னால் வருபவர்கள் ஓடலாம். 2019 தோஹா உலக சாம்பியன்ஷிப்பில் கலப்பு 4×400 தொடர் ஓட்டத்தில் இந்தியா 7-வது இடம் பிடித்து, டோக்கியோ டிக்கெட்டை வாங்கிவிட்டது. ஆக, ஓர் இந்திய ஸ்பிரிண்டருக்கு ஒலிம்பிக்கின் கிட்டத்தட்ட ஒரே திறந்த கதவு 400 மீட்டர்தான்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் விலை உண்டு. 100 மீட்டர் என்பது 11 விநாடி வெடிப்பு. 400 என்பது கடைசி 100 மீட்டரில் கால் கல்லாகிப்போன பிறகும் ஓடுவது. பயிற்சியே வேறு, உடம்பு பழக வேறு காலம் வேண்டும். கல்லூரியில் மூன்று, நான்கு வருடம் ஒரு வகையில் தயாரான உடம்பை, டிகிரி முடியும் வயதில் மறுபடி முதலிலிருந்து தயார் செய்ய வேண்டும். அதற்கு நேரம் வேண்டும். அந்த நேரத்துக்குச் சம்பளம் யார் கொடுப்பது?

ஒரு டிரையல்ஸ், மூன்று தமிழ்ப் பெண்கள்

2021 ஜூலை 4. பாட்டியாலா. டோக்கியோ கலப்புத் தொடர் ஓட்ட அணிக்கான பெண்கள் தேர்வு. முதலில் வந்தவர் ரேவதி, 53.55 விநாடி. காயத்தால் அந்த சீசனின் தொடக்கத்தைத் தவறவிட்டு வந்தவர் அவர். அடுத்து வந்தவர் திருச்சி சுபா வெங்கடேசன், 54.26. மூன்றாவது, அதே திருச்சியின் தனலட்சுமி சேகர், 54.27.

கவனியுங்கள்: 54.26, 54.27. இடைவெளி 0.01 விநாடி. கண் இமைக்கிற நேரத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

தனலட்சுமி 400 மீட்டர்க்காரரே இல்லை என்பதும் இங்கே முக்கியம். அதே 2021 மார்ச்சில் ஃபெடரேஷன் கோப்பை 100 மீட்டரில் 11.39 விநாடியில் டூட்டி சந்தை முந்தித் தங்கம் வென்றவர். 200 மீட்டர் தகுதிச் சுற்றில் 23.26 ஓடி, பி.டி.உஷா 1998-ல் வைத்த போட்டிச் சாதனையை முறியடித்தவர். நாட்டின் 100 மீட்டர் தங்க மங்கைக்கே ஒலிம்பிக் போக 400 மீட்டர் ஓடிப் பார்ப்பதுதான் வழியாக இருந்தது. மேலே சொன்ன கணக்குக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

மூவருமே டோக்கியோ போனார்கள். முகமது அனஸ், ரேவதி, சுபா, ஆரோக்ய ராஜீவ் ஆகிய நால்வரும் களத்தில் இறங்கினார்கள். நான்கு பேரில் மூன்று பேர் தமிழ்நாடு! தனலட்சுமிக்கு மாற்று வீராங்கனை இடம். ஜூலை 30-ம் தேதி தகுதிச் சுற்றில் இந்தியா 3 நிமிடம் 19.93 விநாடி ஓடி, அந்த ஹீட்டில் கடைசியாக வந்தது. தோஹா இறுதிப் போட்டியில் இந்தியா ஓடிய 3:15.77-ஐவிட இது நான்கு விநாடி அதிகம். ரிசல்ட் ஏமாற்றம்தான், அதை மறைக்க வேண்டியதில்லை.

அதன் பிறகு மூவரின் பாதையும் பிரிந்தது. சுபா 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் இரண்டு வெள்ளி வென்றார். ஒன்று பெண்கள் 4×400, இன்னொன்று கலப்பு 4×400. அந்தக் கலப்பு அணியிலும் அனஸைத் தவிர மீதி மூவர் தமிழ்நாடு: வித்யா ராம்ராஜ், ராஜேஷ் ரமேஷ், சுபா. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கிலும் சுபா ஓடினார். தனலட்சுமி 2022 ஜூனில் கஜகஸ்தானில் 200 மீட்டரை 22.89-ல் ஓடி அசத்தினார். அடுத்த மாதமே ஊக்கமருந்துச் சோதனையில் தோற்றது தெரியவந்தது. பர்மிங்காம் காமன்வெல்த் வாய்ப்பு போனது, மூன்று வருடத் தடை வந்தது. ரேவதியின் பெயர் ஹாங்சோவில் பதக்கம் வென்ற அணிகளிலும் இல்லை, பாரிஸ் அணியிலும் இல்லை. அவருக்கு ஏற்கெனவே தெற்கு ரயில்வேயின் மதுரைக் கோட்டத்தில் வேலை இருந்தது.

"அவ்வளவுதானா?" என்று கேட்பவர்களுக்கு: அந்த வேலை சாதாரண விஷயம் இல்லை.

ரயில்வே இல்லையென்றால் என்ன ஆகும்?

இந்தியத் தடகளத்தில் சம்பளம் கொடுப்பவர் யார் என்று பார்த்தால் பட்டியல் ரொம்பச் சின்னது. ரயில்வே, ராணுவம், காவல்துறை, ஓ.என்.ஜி.சி. போன்ற சில பொதுத்துறை நிறுவனங்கள். ஆரோக்ய ராஜீவ் ராணுவம். டோக்கியோ அணியில் இருந்த ராமநாதபுரம் நாகநாதன் பாண்டி தமிழ்நாடு காவல்துறை. 2023 புடாபெஸ்ட் உலக சாம்பியன்ஷிப்பில் 2 நிமிடம் 59.05 விநாடியில் ஆசிய சாதனை படைத்து, அமெரிக்காவை விரட்டிய ஆண்கள் அணியில் கடைசிச் சுற்று ஓடிய ராஜேஷ் ரமேஷ், ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகர். டிராக்கில் அமெரிக்கரைத் துரத்தியவர் பிளாட்பாரத்தில் டிக்கெட் கேட்பார். இதைச் சிலர் பரிதாபக் கதையாக எழுதினார்கள். ஆனால் ஓட்டத்துக்கு லீவு, முகாமுக்கு லீவு, மாதம் பிறந்தால் சம்பளம், காயம் பட்டாலும் போகாத வேலை. இது நான்கும் உள்ளவர்தான் 25 வயதுக்கு மேலும் ஓட முடியும்.

சிக்கல் அந்த வேலைக்குப் போய்ச்சேரும் வழியில் இருக்கிறது. ரயில்வே விளையாட்டு ஒதுக்கீட்டு அறிவிப்புகளில் வயது வரம்பு பொதுவாக 18 முதல் 25. தளர்வு கிடையாது. மேலே உள்ள நிலைகளுக்கு ஒலிம்பிக், ஆசிய அளவுத் தகுதி வேண்டும். அதற்குக் கீழே, சீனியர் தேசியப் போட்டியில் குறிப்பிட்ட இடம் அல்லது அகில இந்திய பல்கலைக்கழகப் போட்டியில் முதல் மூன்று இடம் போன்றவை கதவைத் திறக்கும். வெறும் 'கலந்துகொண்டார்' சான்றிதழுக்கு இங்கே பெரிய மதிப்பு இல்லை.

இப்போது வயதைக் கூட்டிப் பாருங்கள். 18-ல் கல்லூரி. 21-ல் டிகிரி. எம்.ஏ. சேர்ந்தால் 23 வரை ஹாஸ்டல் நீடிக்கும். (விளையாடுகிற நிறைய பேர் பி.ஜி. சேர்வதற்கு உண்மையான காரணம் இதுதான். பாடத்தின் மேல் உள்ள ஆசை அப்புறம்.) பல்கலைக்கழகப் போட்டிகளிலும் 25 வயதோடு கதவு மூடிவிடும். ரயில்வே விண்ணப்பத்துக்கும் 25. ஒரு ஸ்பிரிண்டரின் உடம்பு உச்சத்துக்கு வருவதோ பெரும்பாலும் 23-லிருந்து 27-க்குள். ஆக, மிக வேகமாக ஓட வேண்டிய வயதில்தான் சாப்பாட்டுக்கு வழி தேட வேண்டியிருக்கிறது. 21-க்கும் 25-க்கும் நடுவே உள்ள அந்த நான்கு வருடத்தில் ஒரு காயம், ஒரு வருட ஓய்வு, வீட்டில் ஒரு கல்யாணப் பேச்சு. அவ்வளவுதான், பெயர் ரிசல்ட் ஷீட்டில் இருந்து மறைந்துவிடும். யாரும் ஓய்வு அறிவிப்பதில்லை. அடுத்த சீசன் லிஸ்ட்டில் பெயர் இருக்காது, அவ்வளவே.

ரேவதி இந்த இடைவெளியில் விழாததற்குக் காரணம், கல்லூரியில் இருந்து நேராகத் தேசிய முகாமின் மெஸ்ஸுக்கு மாறியதும் வேலை கிடைத்ததும்தான். முகாமுக்குத் தேர்வாவது நாட்டின் முதல் சிலருக்கு மட்டும். பல்கலைக்கழக இறுதிப் போட்டியில் ஐந்தாவது, ஆறாவதாக வருபவரின் நிலை என்ன? அவருக்கும் முதலிடத்துக்கும் வித்தியாசம் பெரும்பாலும் அரை விநாடி இருக்காது. 20 வயதில் அரை விநாடி பின்தங்கியவர் 24 வயதில் முந்திப் போவது தடகளத்தில் சகஜம். ஆனால் 24 வரை அவர் ஓடிக்கொண்டிருக்க வேண்டுமே.

வெளிநாட்டில் எப்படி?

அமெரிக்காவிலும் பல்கலைக்கழகம்தான் ஸ்பிரிண்டர்களின் நாற்றங்கால். ஆனால் அங்கே கல்லூரி முடிகிற இடத்தில் சந்தை காத்திருக்கிறது. ஷகாரி ரிச்சர்ட்சன் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்துக்காக ஒரே ஒரு சீசன் ஓடினார். 2019 கல்லூரி சாம்பியன்ஷிப்பில் 10.75. உடனே தொழில்முறை வீராங்கனை ஆகிவிட்டார். பாரிஸில் 10.72 ஓடி 100 மீட்டர் தங்கம் வென்ற ஜூலியன் ஆல்ஃபிரட், செயின்ட் லூசியா என்ற குட்டித் தீவின் முதல் ஒலிம்பிக் பதக்கக்காரர். அவரும் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் வளர்ந்தவர். நம் ஊர் உயரம் தாண்டுபவர் தேஜஸ்வின் சங்கர்கூட கேன்சஸ் மாநிலப் பல்கலைக்கழக ஸ்காலர்ஷிப்பில் போனவர்தான். ஷூ கம்பெனி ஒப்பந்தம், போட்டிப் பரிசுத் தொகை என்று அங்கே வழி இருக்கிறது. அங்கேயும் அது மேல்தட்டு ஓட்டக்காரர்களுக்குத்தான். மற்றவர்கள் வேலைக்குப் போய்விடுவார்கள். ஆனால் கல்லூரிக்குள்ளேயே உலகத் தரப் போட்டி கிடைத்துவிடுவதால், 21 வயதிலேயே யார் எங்கே நிற்கிறார் என்பது தெரிந்துவிடுகிறது. இங்கே 400 மீட்டருக்கு மாறலாமா என்று தெரியவே 21 ஆகிவிடுகிறது.

தமிழ்நாட்டில் இப்போது நிலைமை மாறியிருக்கிறதா?

கொஞ்சம் மாறியிருக்கிறது. அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு. 2023-ல் தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளை தொடங்கப்பட்டது. பணமில்லாமல் போட்டிக்குப் போக முடியாதவர்கள் இதில் விண்ணப்பிக்கலாம். மத்திய அரசின் கேலோ இந்தியா திட்டத்தில் தேர்வாகும் இளம் வீரர்களுக்குப் பயிற்சி தவிர மாதம் 10,000 ரூபாய் கைச்செலவுக்கு வருகிறது. 2020 முதல் கேலோ இந்தியா பல்கலைக்கழகப் போட்டிகளும் நடக்கின்றன.

இவை பெரும்பாலும் இரண்டு முனைகளைத்தான் பிடிக்கின்றன. ஒரு முனையில் திறமை தெரிந்த சின்னப் பிள்ளைகள், மறுமுனையில் பதக்கம் வென்றவர்கள். நடுவில் இருக்கும் 22 வயதுக்காரர், அதாவது டிகிரி முடித்துவிட்டவர், பதக்கத்தை இன்னும் தொடாதவர், இதில் எந்தப் பெட்டியிலும் சரியாக அடங்குவதில்லை. பதக்கத்துக்குப் பிறகு கோடிகளில் கொடுக்கும் பரிசில் ஒரு சிறு துண்டை இந்த நான்கு வருடங்களுக்கு மாதச் சம்பளமாக வெட்டிக் கொடுத்தால் பலன் அதிகம் என்று தோன்றுகிறது. மேடையில் பெரிய செக் கொடுக்கும் போட்டோ கிடைக்காது, அது வேறு விஷயம்.

அட்மிஷனில் என்ன கேட்க வேண்டும்?

ஃபைலுடன் டிரையல்ஸ் வரிசையில் நிற்கும் குடும்பங்கள் ஃபீஸ் தள்ளுபடியைப் பற்றி மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பக் கூடாது. முகாம், போட்டி என்று போனால் அட்டெண்டன்ஸ் கணக்கு என்ன? போட்டியும் செமஸ்டர் தேர்வும் ஒரே வாரத்தில் வந்தால் மறுதேர்வு உண்டா? சிந்தெட்டிக் டிராக் எவ்வளவு தூரம், போக வண்டி கொடுப்பார்களா? பல்கலைக்கழக அணியில் ஓடிப் பதக்கம் வாங்கினால், மத்திய அரசு வேலைக்குத் தேவையான படிவம் 3 சான்றிதழை முறையாக வாங்கித் தருவார்களா? (இந்தப் படிவம் இல்லாமல் மெடலை மட்டும் பீரோவில் வைத்திருப்பவர்கள் நிறைய.)

இன்னொரு கேள்வியை யாரும் கேட்பதில்லை. இந்தியத் தடகளத்தின் பெரிய தேசியப் போட்டிகள் ஏப்ரல், மே, ஜூன் மாதங்களை ஒட்டியே நடக்கின்றன. பல கல்லூரிகளில் அது செமஸ்டர் லீவு, மெஸ்ஸைப் பூட்டிவிடுவார்கள். வருடம் முழுக்க ஓடியவர், சீசன் உச்சத்தில் இருக்கும்போது பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போக வேண்டியிருக்கும். எனவே வார்டனைப் பார்த்ததும் முதலில் கேட்க வேண்டியது: "மே மாசம் ஹாஸ்டல் திறந்திருக்குமா மேடம்?"